அப்பத்தா மாடியேறினார்: இரவல் வி.ஆர். கருவியோடு ஒன்பது நாள்

பெரியப்பச்சியின் சாந்திக்காக (அறுபதாங் கல்யாணத்தை எங்கள் பக்கம் சாந்தி என்போம்) டெக்ஸாஸிலிருந்து வந்திருந்த அயித்தை மகன், விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் வெள்ளை நிறத்தில் ஒரு வி.ஆர். ஹெட்செட்டை (கண்ணை மூடித் தலையில் மாட்டினால், வேறோர் இடத்துக்குள் இருப்பதுபோலக் காட்டும் மெய்நிகர் கருவி) என் கையில் கொடுத்து, "மச்சான், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நம்ம நகரத்தார் கோயில் ஒன்பதும் பாத்துட்டு அப்படியே ராமேசுவரம், கன்னியாகுமரின்னு சுத்திட்டு வர்றோம், அதுவரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டான். இரவல் பொருள் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். சைக்கிளை இரவல் வாங்கினால்கூடத் துடைத்து, காற்றடித்துத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிற வீட்டில் வளர்ந்தவன். இதற்கு எங்கே காற்றடிப்பது?

விளையாட ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அப்பத்தாதான். 84 வயது. எங்கள் வீட்டு மாடிப்படி குறுகல், செங்குத்து, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம்தான் கட்டை உண்டு. முழங்கால் போனதிலிருந்து எட்டு வருஷமாக அவர் மாடிக்கு ஏறவில்லை. "மேல எல்லாம் எப்படிப்பா கெடக்கு?" என்று மாதம் ஒருமுறையாவது கேட்பார். "நல்லாத்தான் இருக்கு அப்பத்தா" என்று நாங்களும் மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவோம். மாடியை 360 டிகிரியில் படம் எடுத்து, கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவருக்குச் சுற்றிக் காட்டினால் என்ன? யோசனை அவ்வளவுதான். அரை நாள் வேலை என்று நினைத்தேன். ஏழு நாள் இழுத்தது. அதில் கருவியோடு மல்லுக்கட்டியது கொஞ்சம், வீட்டோடு மல்லுக்கட்டியதுதான் அதிகம். பழைய வீட்டில் இதைச் செய்ய நினைக்கிற யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதிவைக்கிறேன்.

கருவி மெட்டா க்வெஸ்ட் 2. 2020 அக்டோபரில் வந்த மாடல், இப்போது பழசு. கணினி எதுவும் தேவையில்லை, எல்லாமே தலையில் மாட்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. எடை 503 கிராம். கையில் பிடித்தால் ஒன்றுமில்லை, முகத்தில் தொங்கும்போதுதான் அரைக் கிலோ என்றால் என்னவென்று தெரியும்.

முதல் தடை சார்ஜர். அமெரிக்கத் தட்டைப் பின் எங்கள் வீட்டு பிளக்கில் நிற்கவே இல்லை. மின்னழுத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், சார்ஜரிலேயே 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. பின் மாற்றிக்காகக் காரைக்குடி போவதற்குச் சோம்பல்பட்டு, 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்ட பழைய போன் சார்ஜரில் சி-டைப் கேபிளைச் செருகினேன். அதனுடைய சொந்த சார்ஜரே 10 வாட்தான் என்பதால் இதுவே போதும். முழுதாக ஏற இரண்டரை மணி நேரம், ஏறினால் இரண்டு மூன்று மணி நேரம் ஓடும். இரண்டு கையிலும் பிடிக்கும் கண்ட்ரோலர்களுக்கு ஆளுக்கொரு ஏஏ பேட்டரி, அது தெருமுனைக் கடையிலேயே கிடைத்தது.

இரண்டாவது தடையில்தான் முதல் நாள் முழுக்கப் போனது. தலையில் மாட்டினால் எதிரே ஒன்பது புள்ளி. போனில் கோடு இழுத்துப் பூட்டைத் திறப்போமே, அதேதான். கொடுத்தவன் சொல்ல மறந்துவிட்டான், வாங்கியவன் கேட்க மறந்துவிட்டேன். கூப்பிட்டால் எடுக்கவில்லை, கோயிலுக்குள் இருந்திருப்பான். பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஒரு மெனு வரும், அதில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம் என்று படித்திருந்தேன். மதியம் மூன்று மணிக்குக் கை அங்கே போய்விட்டுத் திரும்பியது. இரவல் பொருளில் அதைச் செய்யக்கூடாது. அவன் சேர்த்து வைத்திருக்கும் விளையாட்டு நிலைகள் போய்விடும், அதைவிட, "அழிச்சுட்டேன் மச்சான்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

ராத்திரி எட்டு மணிக்கு அவனே கூப்பிட்டான். "தமிழ் எழுத்து ட போடு மச்சான், மேலேருந்து கீழ, அப்புறம் வலது பக்கம். அமெரிக்காவுல எவனுக்குத் தோணும்?" (இப்போது மாற்றிவிட்டான், முயற்சி செய்ய வேண்டாம்.) அதே அழைப்பிலேயே இன்னொரு வேலையும் முடித்துக்கொண்டோம். இரவல் கொடுப்பவரும் வாங்குபவரும் இதை ஒன்றாக இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. செட்டிங்ஸில் கணக்குகள் என்ற பகுதிக்குப் போனால், உரிமையாளரைத் தவிர இன்னும் மூன்று பேர்வரை தனித்தனிக் கணக்கோடு சேர்க்கலாம். என் கணக்கைச் சேர்த்துக்கொண்டேன். காரணம் வேறொன்றுமில்லை, அவன் கணக்கில் அவனுடைய கிரெடிட் கார்டு இருக்கிறது. கடைப் பக்கத்தைத் திறந்து வைத்து, கண்ட்ரோலரைப் பக்கத்து வீட்டுப் பொடியன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு லாபம், என் போனில் இருக்கும் செயலியும் ஹெட்செட்டும் ஒரே கணக்கில் இருந்தால்தான் உள்ளே தெரிவதை வெளியே போனில் பார்க்க முடியும். பின்னால் அதுதான் பெரிய உதவியாக இருந்தது.

இரண்டாம் நாள்தான் வீடு தன் வேலையைக் காட்டத் தொடங்கியது.

நல்ல விசாலமான இடம் வேண்டுமே என்று வளவில் (முற்றத்தைச் சுற்றிய வீட்டின் உட்பகுதி) நாற்காலியைப் போடப் போனேன். நடுவில் முற்றம், காலை வெயில் பாதித் தரையில் விழுந்திருக்கிறது. நல்லவேளை, ஹெட்செட்டைத் தூணோரம் வைத்துவிட்டுத் திரும்பும்போது பெட்டியில் ஒட்டியிருந்த எச்சரிக்கைப் படம் நினைவுக்கு வந்தது: லென்ஸுக்கு எதிரே சூரியன், மேலே குறுக்குக்கோடு. கண்ணுக்கு நேரே வரும் அந்த இரண்டு லென்ஸும் பூதக்கண்ணாடிதான். திரை அவற்றின் குவியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சின்ன வயதில் லென்ஸை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருப்போமே, அதே வேலையை இங்கே சூரியன் திரையில் செய்துவிடும். சில நொடி போதும், திரையில் அழியாத பொட்டு விழுந்துவிடும். அன்றிலிருந்து பயன்படுத்தாத நேரத்தில் அதை ஒரு பெரிய ஓலைக் கொட்டானுக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டேன். அப்பத்தா அதைப் பார்த்து, உள்ளே பலகாரம் இருக்கிறது என்று நினைத்துக் கையை விட்டாராம்.

சரி, வெயில் படாத இடம் என்றால் பட்டாலை, அதாவது எங்கள் வீட்டுக் கூடம். அங்கே போய், எதிலும் இடிக்காமல் இருக்க இதுவரைதான் நடமாடலாம் என்று கருவிக்குக் காட்டும் எல்லைக்கோட்டைக் கண்ட்ரோலரால் வரையத் தொடங்கினேன். நின்று நடமாட வேண்டுமானால் குறைந்தது இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும் என்கிறார்கள், எங்கள் பட்டாலையில் அதைப்போல நாலு மடங்கு உண்டு. ஆனால் கோடு நிற்கவில்லை. தரை மட்டம் ஒரு முழம் கீழே போய்விட்டது, நான் அந்தரத்தில் மிதக்கிறேன். மறுபடி கண்ட்ரோலரைத் தரையில் தொட்டுக் காட்டினால் சரியாகிறது, நாலு அடி நடந்தால் மறுபடி போய்விடுகிறது. ஒரு பக்கம் திரும்பினால் மட்டும் உலகமே அரை அடி நகர்ந்து உட்காருகிறது.

கொஞ்ச நேரம் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அது எப்படி வேலை செய்கிறது என்று யோசித்ததும் விடை கிடைத்தது. இந்த ஹெட்செட்டுக்குச் சுவரில் மாட்டும் உணர்கருவி எதுவும் கிடையாது. முகப்பின் நான்கு மூலைகளிலும் நான்கு கேமராக்கள் உண்டு. அவை அறையில் இருக்கும் மூலை, விளிம்பு, புள்ளி, கறை எல்லாவற்றையும் அடையாளம் வைத்துக்கொண்டு, "இவை இப்படி நகர்ந்தால் நான் இப்படி நகர்ந்திருக்க வேண்டும்" என்று கணக்குப் போடுகின்றன. அப்படியானால் அதற்குத் தேவை, அசையாமல் இருக்கும் நிறைய அடையாளங்கள். பிடிக்காதவை இரண்டு: ஒன்று கண்ணாடி, இன்னொன்று ஒன்றுமே இல்லாத வெற்றுச் சுவர்.

எங்கள் பட்டாலையில் என்ன இருக்கிறது? இரண்டு பக்கமும் ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடி. சுவர், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர், இன்றைக்கும் கையை வைத்தால் வழுக்கும், முகம் தெரியும். தரை ஆத்தங்குடிக் கல். அந்தக் கல் செய்வதைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும், கண்ணாடிப் பலகையின் மேல் உலோக அச்சை வைத்து, அதற்குள் வண்ண சிமெண்டுக் குழம்பை ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்டும் போட்டுத் தட்டிக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். மேற்பரப்பு கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கம் என்பதால்தான் அந்தப் பளபளப்பு. அப்புறம் வருஷக்கணக்காக எண்ணெய் போட்டுத் துடைத்தது வேறு. நூறு வருஷமாக எங்கள் ஆட்கள் பாடுபட்டு மெருகேற்றியதெல்லாம் ஒன்றுசேர்ந்து இந்தக் கருவியை ஏமாற்றிவிட்டது. தூணும் ஊஞ்சலும் அதற்கு இரண்டிரண்டாகத் தெரிகின்றன, ஒன்று நிஜம், ஒன்று நிழல், எதை நம்பும்?

தீர்வு மலிவானது. அம்மாவிடம் கேட்டு இரண்டு பழைய கண்டாங்கிச் சேலையை வாங்கி, இரண்டு கண்ணாடியின் மேலும் தொங்கவிட்டேன். தரைக்குக் கோடுபோட்ட ஜமுக்காளம். வெற்றுச் சுவருக்கு, மளிகைக்கடை, நகைக்கடை, வங்கி என்று கிடைத்த எல்லாக் காலண்டரையும் கோணல்மாணலாக மாட்டினேன். கோணல்மாணல் என்பது முக்கியம், ஒரே மாதிரி வரிசையாக மாட்டினால் எது எதுவென்று கருவிக்குக் குழப்பம். பட்டாலையைப் பார்த்தால் சலவைக்காரர் வீடு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் தரை மட்டம் அப்புறம் அசையவில்லை.

ஆனாலும் மாலை ஆனதும் கை நடுங்கியது. என் கை இல்லை, உள்ளே தெரிகிற கை. இதற்குக் காரணம் இரண்டு. முதலாவதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. செட்டிங்ஸில் டிராக்கிங் (கேமராக்கள் இடத்தைக் கணக்கிடும் வேலை) என்ற பகுதிக்குள் அலைவெண் என்று ஒரு தேர்வு இருக்கிறது: தானாக, 50, 60 என்று மூன்று. அறை விளக்கு மின்சாரத்தின் அலைவெண்ணுக்கு ஏற்பக் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும், கேமரா அதற்கு ஒத்துப்போக வேண்டும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. அயித்தை மகன் எப்போதோ அதை 60 என்று கட்டிப்போட்டு வைத்திருந்தான். 50 ஆக்கினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் பாதி நடுக்கம் போனது.

மீதிப் பாதி சீரியல் செட். விசேஷத்துக்காகத் தூணெல்லாம் சுற்றியிருந்த விளக்குச் சரத்தை இன்னும் அவிழ்க்கவில்லை, சாயந்திரமானால் யாராவது ஒருத்தர் ஆசையாகப் போட்டுவிடுவார்கள். கண்ட்ரோலரின் வளையத்துக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் புள்ளிபுள்ளியாக இருக்கின்றன. அந்தப் புள்ளிக்கூட்டத்தைப் பார்த்துத்தான் கை எங்கே என்று ஹெட்செட் கணக்கிடுகிறது. எதிரே தூண் முழுக்க இன்னும் ஐந்நூறு புள்ளி மினுக்கினால் அது பாவம் என்ன செய்யும்? சரத்தை அணைத்தேன், கை நின்றது. அணைத்ததற்குச் சித்தப்பாவிடம் திட்டு வாங்கியது தனிக்கணக்கு.

அந்தச் சித்தப்பாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவில் வெட்கப்பட வேண்டிய இடம் அதுதான். மூன்றாம் நாள் "நானும் பாக்குறேன்டா" என்று வந்தார். உட்கார வைத்துக் கடலடிக் காட்சி மாதிரி ஏதாவது காட்டியிருக்கலாம். நான் அவசரப்பட்டு நிற்க வைத்து ஒரு ரோலர் கோஸ்டரைப் போட்டுவிட்டேன். கண் "பாய்கிறோம்" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நின்றுகொண்டுதானே இருக்கிறோம்" என்கிறது, இந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. மூன்றாவது பள்ளத்தில் சித்தப்பா "ஐயோ" என்று கையை வீசினார். நான் எல்லைக்கோடு வரைந்தபோது ஊஞ்சலை மேலே தூக்கிக் கட்டியிருந்தேன், யாரோ அதை இறக்கிவிட்டிருக்கிறார்கள். கண்ட்ரோலர் ஊஞ்சல் சங்கிலியில் டங்கென்று மோதியது. மணிக்கட்டு வாரைப் போட்டுவிட்டிருந்ததால் கீழே விழவில்லை. வளையத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு கீறல். வேலை செய்வதில் குறையில்லை. அன்று ராத்திரியே போட்டோ எடுத்து உரியவனுக்கு அனுப்பிவிட்டேன். திருப்பிக் கொடுக்கும்போது அவனே பார்த்துக் கேட்பதைவிட அது நல்லது. "அது ஏற்கெனவே மூணு கீறல் வாங்கினதுதான் மச்சான், எண்ணிப் பாரு" என்று பதில் வந்தது. எண்ணினேன். உண்மைதான், ஆனாலும் நாலாவது நம்முடையது. சித்தப்பா சுக்குக் காப்பி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் படுத்திருந்தார்.

இனி மாடி. காரைக்குடியில் கல்யாணப் படம் எடுக்கும் நண்பனிடம் முன்னும் பின்னும் ஒவ்வொரு லென்ஸ் உள்ள 360 கேமரா ஒன்று இருந்தது. இரவலுக்கு மேல் இரவல். கால் ஒல்லியாக இருக்கும் ஸ்டாண்டையும் சேர்த்துக் கொடுத்தான், சாதாரண முக்காலி வைத்தால் படத்தில் கீழே குனிந்தால் அந்த முக்காலிதான் தெரியும். காலை எட்டு மணிக்குப் போய், ஜன்னல் மேல் வண்ணக்கண்ணாடி வழியாக வெயில் நேரே விழும் முன்னால், ஏழு இடத்தில் வைத்து எடுத்தேன்: மாடிப்படி முடியும் இடம், நடைபாதை, அறைகள், முற்றத்தை மேலேயிருந்து பார்க்கிற சுற்றுத் தாழ்வாரம். ஜன்னலைத் திறந்தால் வெளியே வெள்ளையாக எரிந்துபோகிறது, மூடினால் அறை இருட்டு. அதனால் ஒரே இடத்தில் கேமராவை ஆட்டாமல் மூன்று அளவு வெளிச்சத்தில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் முறையைப் போட்டேன். எடுக்கிற ஆள் எங்கே ஒளிவது என்பதுதான் இதில் வேடிக்கை, 360 டிகிரி என்றால் கேமராவுக்குப் பின்னால் என்று ஒரு இடமே கிடையாது. போனிலிருந்து இயக்கிவிட்டுக் கதவுக்குப் பின்னால், தூணுக்குப் பின்னால், மரப்பீரோவுக்குப் பின்னால் என்று ஓடினேன். ஒரு படத்தில் என் வேட்டி ஓரம் மாட்டிக்கொண்டது.

கீழே வந்து படங்களை வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பி அங்கிருந்து ஹெட்செட்டுக்கு எடுத்தேன். திறந்தால், எதிரே சுவரில் மாட்டிய படம் மாதிரி, நீளமாக, வளைந்து நெளிந்து ஒரு தட்டைப் படம். உள்ளே போய் நிற்க முடியவில்லை. என் தப்புதான். 360 படம் என்பது உருண்டையை விரித்த உலக வரைபடம் மாதிரி, அகலம் உயரத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு. "இதை உருண்டையாகச் சுருட்டிக் காட்டு" என்ற குறிப்பு படக் கோப்புக்குள் எழுத்தாக இருக்கிறது. சாதாரணமாகப் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்குவதோடு அந்தக் குறிப்பும் உதிர்ந்துவிடுகிறது. கேமராவிலிருந்து லேப்டாப்புக்கு, லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாக ஹெட்செட்டுக்கு என்று மூலக் கோப்பையே ஏற்றியதும் சரியாகிவிட்டது.

அதிலும் இரண்டு சின்னச் சிக்கல். முதல் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள், லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவது கேபிளில், கோப்புகளைப் பார்க்க அனுமதி வேண்டும் என்ற கேள்வி ஹெட்செட்டுக்குள்தான் வருகிறது. கேபிளோடு அதைத் தலையில் மாட்டி, "அனுமதி" என்பதைத் தட்டிவிட்டு, கழற்றி, லேப்டாப்பைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் அரை மணி நேரம் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியிருக்கிறேன்.

ஏற்றி முடித்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். படம் அருமை, ஆனால் ஏதோ சரியில்லை. உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் கண் கதவின் மேல் தாழ்ப்பாள் உயரத்தில் இருக்கிறது. காலடியில் தரை ரொம்ப ஆழத்தில் கிடக்கிறது. வயிறு சில்லென்றது. பிறகுதான் புரிந்தது, கேமராவை என் நெற்றி உயரத்தில், அஞ்சரை அடியில் வைத்து எடுத்திருக்கிறேன். பார்க்கப் போகிறவர் உட்கார்ந்து பார்ப்பார் என்றால் கேமராவும் உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் இருக்க வேண்டும். அப்பத்தாவை நாற்காலியில் உட்கார வைத்து, தரையிலிருந்து கண் வரைக்கும் டேப்பை வைத்து அளந்தேன். மூன்றே முக்கால் அடி. "சட்டைக்கு அளவு எடுக்கறியாப்பா, நான் சட்டை போடற வழக்கமில்லையே" என்றார். மறுநாள் காலை மறுபடி ஏழு இடம், இந்த முறை மூன்றே முக்கால் அடியில். இரண்டாம் தடவை எடுத்ததுதான் படம். முதலாவதை அழித்துவிட்டேன்.

படத்தின் அளவு 5376க்கு 2688 புள்ளி. பெரிதாகத் தெரிகிறதல்லவா? 360 டிகிரிக்கும் பங்குபோட்டால் ஒரு டிகிரிக்கு 15 புள்ளிதான். இந்த ஹெட்செட் ஒரு கண்ணுக்கு 1832 புள்ளி அகலத்தைச் சுமார் 90 டிகிரிக்குள் காட்டுகிறது, அதாவது டிகிரிக்கு 20. எனவே படம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் மழுங்கலாகத்தான் இருக்கும். தூண், கதவு, பீரோ எல்லாம் நன்றாகத் தெரியும். சுவரில் மாட்டிய போட்டோவில் இருப்பது யார் என்று தெரியாது.

ஏழாம் நாள் காலை பத்து மணி. அப்பத்தா பலகாரம் சாப்பிட்டு அரை மணி ஆகியிருந்தது. அதற்கு முந்தின நாளே எங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தேன். இதயத்தில் கருவி வைத்திருந்தாலோ வலிப்பு நோய் இருந்தாலோ இதை மாட்டக்கூடாது என்று எச்சரிக்கைத் தாளில் இருக்கிறது. அப்பத்தாவுக்கு இரண்டும் இல்லை. கை வைத்த நாற்காலி, முதுகுக்குத் தலையணை, பக்கத்தில் நான். பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன்.

மாட்டும்போது, "என்னப்பா இது, செக்கு மாட்டுக்குக் கண்ணைக் கட்டற மாதிரியில்ல இருக்கு" என்றார். கொண்டையைத் தளர்த்தி, பின்பட்டையைக் கொண்டைக்குக் கீழே இறக்கினால்தான் நிற்கிறது. மூக்குத்தி உரசாமல் முகத்தில் அமர்த்த இரண்டு தடவை முயன்றோம். கண்ணாடி போட்டவர்களுக்காகப் பெட்டியில் ஒரு இடைச்சட்டம் உண்டு, 142 மில்லிமீட்டர் அகலம்வரை உள்ள கண்ணாடி உள்ளே போகும். ஆனால் அப்பத்தா கண்ணாடியைக் கழற்றியதும்தான் நன்றாகத் தெரிகிறது என்றார். கண்புரை எடுத்து லென்ஸ் வைத்தவர், கண்ணாடி படிக்க மட்டும்தான். இந்தக் கருவிக்குள் படம் மூக்குக்கு முன்னால் இருந்தாலும் கண் குவிப்பது ஒன்றிரண்டு மீட்டர் தள்ளிப் பார்ப்பதைப் போலத்தான். அப்புறம் லென்ஸ் இடைவெளி. 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலை, லென்ஸைக் கையாலேயே நகர்த்த வேண்டும். எனக்கு நடுவில் இருந்தது, அவருக்கு முதல் நிலையில்தான் இரண்டாகத் தெரிந்தது ஒன்றானது. ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் வலது கண்ட்ரோலரில் இருக்கும், நிறுவனச் சின்னம் போட்ட பொத்தானை ஒரு நொடி அழுத்திப் பிடித்தால் படம் நேர்முகமாகத் திரும்பிக்கொள்ளும், இல்லையென்றால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

உள்ளே அவர் பார்ப்பது எனக்குத் தெரிய வேண்டுமே. வீட்டு வைஃபை முகப்பில் இருக்கிறது, இரண்டடிச் சுவர் மூன்றைத் தாண்டிப் பட்டாலைக்கு வருவதற்குள் செத்துவிடுகிறது. மனைவியின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஹெட்செட்டையும் என் போனையும் அதில் சேர்த்தேன். என் போனில் படம் ஒரு நொடி பின்தங்கி வந்தது.

முதல் படம், மாடிப்படி முடியும் இடம். அப்பத்தா பேசவே இல்லை. தலை மட்டும் மெதுவாக இடமிருந்து வலம் போனது. பயந்துவிட்டாரோ என்று கையைத் தொட்டேன், தட்டிவிட்டார். "இரு. அந்தப் பெட்டகத்து மேல இருந்த மங்கு ஜாடி எங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஏதோ விசேஷத்துக்கு இறக்கியிருப்பார்கள் என்றேன். "இறக்கினவுக ஏத்தணும்ல" என்றார். அடுத்த படம். "நடையில யாரு சைக்கிளை ஏத்தி வச்சது?" அடுத்தது. சீர்ச் சாமான் அறை, எனாமல் அடுக்குகள். எண்ணத் தொடங்கிவிட்டார். "கதவு பக்கத்துல வெள்ளையா என்னப்பா? வேட்டியா?" என் வேட்டி ஓரம்தான், இரண்டாம் தடவையும் மாட்டியிருக்கிறது. பிரமிப்பார், கண் கலங்குவார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்து வீடியோ வேறு எடுத்துக்கொண்டிருந்தேன். அவரோ ஊரிலிருந்து திரும்பி வந்து வீட்டைச் சரிபார்க்கிற மாதிரி அறை அறையாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது படம், மூலை அறை. அப்பத்தா தலையை அண்ணாந்தார். நான் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நொடி கழித்து என் திரையிலும் கூரை வந்தது. தேக்கு உத்திரங்கள், நடுவில் செங்கல் வரிசை. மூலையில், இரண்டு உத்திரத்துக்கு நடுவில், தாம்பாளம் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை, ஓரத்தில் வெள்ளை பூத்திருக்கிறது.

"ஒழுகுதே" என்றார். "நல்லாத்தான் இருக்குன்னு சொன்னியே."

அந்த அறைக்கு இரண்டு காலையும் போயிருக்கிறேன். ஸ்டாண்டை வைத்தேன், உயரம் பார்த்தேன், பீரோவுக்குப் பின்னால் ஓடினேன். ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. கேமரா பார்த்திருக்கிறது. பத்து நிமிட விதி இருபத்திரண்டு நிமிடம் ஆகிவிட்டிருந்தது, தலை சுற்றுகிறதா என்று கேட்டால் "ஒழுகறதப் பாத்தாத்தான் சுத்துது" என்று பதில். கழற்றியபோது நெற்றியில் பஞ்சின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. முகம் படும் பஞ்சை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தேன். லென்ஸுக்கு மட்டும் ஈரம், ஸ்பிரிட் எதுவும் ஆகாது, காய்ந்த மைக்ரோஃபைபர் துணிதான்.

மறுநாள் கொத்தனார் மொட்டை மாடிக்கு ஏறினார். கைப்பிடிச் சுவரோரம் தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் முழங்கை உயரத்துக்கு ஓர் அரசங்கன்று, வேர் குழாய்க்குள் இறங்கி அடைத்திருக்கிறது. மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் தட்டோட்டு (மாடித் தரையில் பதித்த தட்டையான ஓடு) இடுக்கு வழியாகக் கூரைக்குள் இறங்கியிருக்கிறது. கன்றை மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று, நான்கு ஓட்டைப் பெயர்த்து வேரோடு எடுத்து, சுண்ணாம்புக் கலவை போட்டு மூடினார். உத்திரம் இன்னும் உளுக்கவில்லை, ஊசியால் குத்திப் பார்த்தோம், இறுக்கமாகத்தான் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் சாயந்திரம் வேன் வந்து நின்றது. என் கணக்கை எடுத்துவிட்டு, படங்களை அழித்துவிட்டு, அலைவெண்ணைத் "தானாக" என்று வைத்து, பேட்டரியை முழுதாக ஏற்றி, கொட்டானோடு சேர்த்துக் கொடுத்தேன். கொட்டான் அப்பத்தா கொடுத்தது. "அந்தப் பெட்டியக் கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரு தடவ காட்டிட்டுப் போகச் சொல்லு" என்றார் உள்ளேயிருந்து. படத்தை அழித்துவிட்டேன் அப்பத்தா என்றேன். "பழசு வேணாம். ஒட்டுப் போட்டத எடுத்துக் காட்டு."

அயித்தை மகன் பெட்டியை மறுபடி திறந்து, சிரித்துக்கொண்டே ட போட்டான். நான் நண்பனுக்குப் போன் செய்தேன், கேமராவை நாளைக் காலை கொண்டு வருகிறேன், இன்று ராத்திரி மட்டும் இருக்கட்டும் என்று.